மடிக்கணினியின் கிராபிக்ஸ் அட்டையை மாற்ற முடியுமா? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரின் திருத்தும் கடைகளிலும், கோணேசபுரி வளாகத்தில் படிக்கும் மாணவர்களிடையேயும், கலியாண வீடியோ தொகுக்கும் ஸ்டூடியோக்களிலும் ஒரே கேள்வி வெவ்வேறு வடிவங்களில் எழுகிறது. மடிக்கணினி மற்ற எல்லா வகையிலும் நன்றாக இருக்கிறது, கிராபிக்ஸ் மட்டும் போதவில்லை, அதை மட்டும் மாற்றிக்கொள்ள வழி உண்டா என்பதே அது. அதற்கும் அதைச் சுற்றி வரும் கேள்விகளுக்கும் உரிய விடைகள் கீழே தரப்படுகின்றன.

மடிக்கணினியின் கிராபிக்ஸ் அட்டையை மேம்படுத்த முடியுமா?

பெரும்பாலான மடிக்கணினிகளில் முடியாது. இன்று புழக்கத்தில் உள்ளவற்றில் மிகப் பலவற்றில் கழற்றி எடுப்பதற்கு அட்டை என்று தனியாக ஒன்று இருப்பதே இல்லை; கிராபிக்ஸ் சிப்பும் அதற்குரிய நினைவகச் சிப்களும் மதர்போர்டிலேயே பற்றாசு வைத்துப் பிணைக்கப்பட்டிருக்கின்றன, அல்லது கிராபிக்ஸ் பகுதி செயலிக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. விதிவிலக்கான சில மாதிரிகள் உண்டு. வெளியிலிருந்து ஓர் அட்டையை இணைக்கும் வழியும் உண்டு. ஆயினும் இந்தக் கேள்வியோடு வருபவர்களில் பலருடைய கணினியை மெதுவாக்குவது கிராபிக்ஸ் சிப் அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். எது மெதுவாக்குகிறது என்று கண்டுபிடிக்காமல் பணம் செலவழிப்பதுதான் இந்த விடயத்தில் நேரும் பெரிய நட்டம்.

மேசைக் கணினியில் சில நிமிடங்களில் மாற்றுகிறார்களே, இதில் மட்டும் ஏன் முடியாது?

மேசைக் கணினியில் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்னும் பொதுவான பொருத்துவாய் இருக்கிறது. அட்டை தனக்குரிய விசிறியையும் வெப்பத்தகட்டையும் தானே கொண்டுவருகிறது. கூடுதல் மின்சாரத்தை மின்வழங்கியிலிருந்து தனிக் கம்பியில் பெறுகிறது. இவற்றில் ஒன்றுகூட மடிக்கணினியில் அவ்வாறு இல்லை. சிப்பின் அடிப்பகுதியில் உள்ள நூற்றுக்கணக்கான, சிலவேளை ஆயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணிய பற்றாசு உருண்டைகள் நேரடியாக மதர்போர்டோடு உருக்கி இணைக்கப்பட்டுள்ளன. செயலியையும் கிராபிக்ஸ் சிப்பையும் பெரும்பாலும் ஒரே செப்புக் குழாய்த் தொகுதிதான் குளிர்விக்கிறது. அது அந்தச் சிப்பின் உயரத்துக்கும் வெப்பத்துக்கும் அளந்து செய்யப்பட்டது. மின்னழுத்தத்தைச் சீராக்கும் சுற்றும், சார்ஜரின் வாட் அளவும், கணினியைத் தொடக்கிவைக்கும் பயோஸ் மென்பொருளும்கூட அந்த ஒரு சிப்பை மனதில் வைத்தே அமைக்கப்பட்டவை. ஆகவே சிப்பை மட்டும் மாற்றுவது என்று நாம் சொல்லும்போது உண்மையில் கணினியின் பாதியை மாற்றுவதைப் பற்றியே பேசுகிறோம்.

என் கணினியில் இருப்பது எந்த வகை என்று எப்படி அறிவது?

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபோமன்ஸ் பகுதிக்குச் சென்றால், இடப்பக்கப் பட்டியலில் ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) 0 மட்டும் இருக்கிறதா, ஜிபியு 1 என்று இன்னொன்றும் இருக்கிறதா என்பது தெரியும். இன்டெல் யூஎச்டி, இன்டெல் ஐரிஸ் எக்ஸ்ஈ, அல்லது எண் எதுவும் பின்தொடராமல் ஏஎம்டி ரேடியன் கிராபிக்ஸ் என்று மட்டும் காட்டினால் அது செயலிக்குள் இருக்கும் கிராபிக்ஸ். அதைத் தனியாக மாற்றும் பேச்சுக்கே இடமில்லை. என்விடியா ஜிஃபோர்ஸ் என்றோ ரேடியன் ஆர்எக்ஸ் என்று எண்ணோடோ காட்டினால் தனிச் சிப் இருக்கிறது. ஆனால் தனிச் சிப் இருப்பதனால் அது கழற்றக்கூடியது என்று பொருள் கொள்ளக் கூடாது.

மாற்றக்கூடிய கிராபிக்ஸ் அட்டை உள்ள மடிக்கணினிகளே இல்லையா?

இருந்தன, சில இன்றும் இருக்கின்றன. என்விடியா 2004 அளவில் எம்எக்ஸ்எம் என்ற சிறிய அட்டை வடிவத்தை அறிமுகப்படுத்தியது. அதன் மூன்றாம் பதிப்பில் 82 மில்லிமீற்றர் அகலமும் 70 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட சிறிய அட்டை, அதே அகலத்தில் 105 மில்லிமீற்றர் நீளமான பெரிய அட்டை என இரண்டு அளவுகள் உண்டு. டெல் பிரிசிஷன் எம்6800, எச்பி எலைட்புக் 8770டபிள்யூ, எம்எஸ்ஐ ஜிடி70 போன்ற பருமனான கணினிகளிலும் கிளீவோ தயாரித்த பல மாதிரிகளிலும் இந்த அட்டைகளே இருந்தன. மெல்லிய கணினிகளுக்கான நாட்டம் வளர்ந்தபோது இந்த வடிவம் சாதாரணச் சந்தையிலிருந்து விலகிப்போயிற்று.

டெல் நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஏலியன்வெயார் ஏரியா-51எம் என்ற மாதிரியில் தனக்கே உரிய இன்னொரு வடிவில் கழற்றத்தக்க அட்டையை வைத்தது. ஆனால் அடுத்து வந்த ஆர்டிஎக்ஸ் 30 தலைமுறை அட்டைகள் அந்த வடிவில் வரவில்லை. கழற்ற முடிவது ஒன்று, கழற்றிய இடத்தில் பொருத்தப் புதியது கிடைப்பது வேறொன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

இன்றைய நிலையில் இந்த வாக்குறுதியைக் காப்பாற்றியிருப்பது ஃபிரேம்வேர்க் லப்டொப் 16 ஆகும். 2024இல் வாங்குவோர் கையை எட்டத் தொடங்கிய அதன் பின்பகுதியில் கிராபிக்ஸ் தொகுதி தனியாகக் கழன்று வரும். முதலில் ரேடியன் ஆர்எக்ஸ் 7700எஸ் தொகுதியோடு வந்த அந்தக் கணினிக்கு 2025இல் ஆர்டிஎக்ஸ் 5070 தொகுதியும் அறிவிக்கப்பட்டது. இலங்கைக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பொருள் அது அல்ல. விலையும் அதற்கேற்ப இருக்கும்.

பாவித்த டெல் பிரிசிஷன் போன்ற ஒன்றை வாங்கி, நல்ல எம்எக்ஸ்எம் அட்டை போட்டுக்கொள்ளலாமா?

கொழும்பிலிருந்து வரும் பாவித்த வேர்க்ஸ்டேஷன் கணினிகளைக் கண்டு பலரும் இப்படி யோசிப்பது இயல்பே. அந்த மாதிரி விற்பனைக்கு வந்த காலத்தில் அதே மாதிரிக்குத் தெரிவாக வழங்கப்பட்ட அட்டைகள் பெரும்பாலும் சிக்கலின்றிப் பொருந்தும். உதாரணமாக எம்6800இல் குவாட்ரோ கே3100எம் இருந்தால் கே5100எம் அட்டைக்கு உயர்த்தலாம். அதற்கு அப்பால் போனால் நான்கு தடைகள் வரும். கணினியின் பயோஸ் புதிய அட்டையின் விபயோஸை, அதாவது அட்டைக்குள் இருக்கும் அதன் சொந்தத் தொடக்க மென்பொருளை, ஏற்க வேண்டும். வெப்பத்தகட்டின் திருகாணித் துளைகளும் சிப்பின் உயரமும் ஒத்துப்போக வேண்டும். வாட் அளவு தாங்க வேண்டும். திரைக்கான இணைப்பு அந்த அட்டையின் வழியாகச் செல்லும் கணினிகளில் திரையும் அதை ஏற்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் கறுத்த திரைதான் மிஞ்சும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கே5100எம் கெப்லர் தலைமுறையைச் சேர்ந்தது. அந்தத் தலைமுறைக்குப் புதிய டிரைவர்கள் தருவதை என்விடியா முடித்துக்கொண்டுவிட்டது. 2013ஆம் ஆண்டுச் சிப்புக்கு இன்று பணம் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏற்கனவே அத்தகைய கணினி கையில் இருந்து, அட்டை பழுதாகி, அதே அட்டை மலிவாகக் கிடைத்தால் மட்டும் மாற்றலாம்.

சிப்பைச் சூடாக்கி எடுத்து, உயர்ந்த சிப் ஒட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். நம்பலாமா?

சிப்பைக் கழற்றிப் புதிய உருண்டைகள் வைத்து ஒட்டும் வேலை உண்மையானது. அதற்கான இயந்திரமும் கைப்பழக்கமும் உள்ளவர்கள் நாட்டில் இருக்கிறார்கள். ஆனால் அது பழுதான சிப்புக்குப் பதிலாக அதே சிப்பை வைக்கும் திருத்த வேலை. உயர்ந்த சிப்புக்கு மாறுவதென்றால் அடிப்பகுதி இணைப்புகள் ஒத்திருக்க வேண்டும், நினைவகச் சிப்களும் மின்சுற்றும் அதற்கேற்ப மாற வேண்டும், விபயோஸையும் மாற்றி எழுத வேண்டும். வெளிநாடுகளில் ஆர்வலர்கள் சிலர் செய்து காட்டியிருக்கிறார்கள் என்பது உங்கள் கணினியில் அதைச் செய்து பார்ப்பதற்குக் காரணமாகாது.

சிப்பை மீளச் சூடாக்கி மட்டும் தருகிறோம் என்பவர்களிடம் இன்னும் எச்சரிக்கை தேவை. சூடு பட்டதும் சிப் சில வாரங்கள் உயிர்பெற்று மீண்டும் அணைந்துபோவது பழகிய கதை. 2008 ஜூலையில் என்விடியாவே தன் மடிக்கணினிச் சிப்கள் சிலவற்றில் பொதிப் பொருளின் குறையால் பழுது நேர்வதை ஒப்புக்கொண்டு, 15 முதல் 20 கோடி டொலர் வரை ஒதுக்கியது. அக்காலக் கணினிகளுக்குச் சூடாக்கல் வைத்தியம் பரவலாகச் செய்யப்பட்டது. குறை சிப்புக்குள்ளேயே இருந்ததால் அது நிலைக்கவில்லை.

வெளியிலிருந்து கிராபிக்ஸ் அட்டையை இணைக்கும் முறை எப்படிப்பட்டது?

மேசைக் கணினிக்குரிய அட்டையை ஒரு பெட்டியில் பொருத்தி, அதற்குத் தனி மின்வழங்கி கொடுத்து, ஒரு கம்பியால் மடிக்கணினியோடு இணைப்பதே இந்த முறை. உண்மையான மேம்பாடு கிடைக்கக்கூடிய வழி இதுதான். ஆனால் இதில் மூன்று விடயங்களைத் தெளிவாக அறிந்துகொண்ட பின்பே பணத்தை எடுக்க வேண்டும்.

முதலாவது, இணைப்புவாய். யூஎஸ்பி-சி வடிவில் ஒரு துளை இருப்பது போதாது. அது தண்டர்போல்ட் என்னும் அதிவேக இணைப்பின் 3, 4, 5 ஆகிய பதிப்புகளில் ஒன்றாகவோ, பிசிஐ எக்ஸ்பிரஸைக் கடத்தும் யூஎஸ்பி4 ஆகவோ இருக்க வேண்டும். துளையின் அருகே மின்னல் குறி இருந்தால் தண்டர்போல்ட் என்று பெரும்பாலும் கொள்ளலாம். என்றாலும் மாதிரி எண்ணைத் தயாரிப்பாளரின் விவரக்குறிப்பில் சரிபார்ப்பதே உறுதி. தண்டர்போல்ட் 3 விநாடிக்கு 40 கிகாபிட் என்று சொல்லப்பட்டாலும், கிராபிக்ஸ் தரவுக்கு அதில் கிடைப்பது உச்சமாக 32 கிகாபிட். சில கணினிகளில் அதன் பாதிதான். தண்டர்போல்ட் 4 அந்த 32ஐக் கட்டாயமாக்கியது. மேசைக் கணினியின் மூன்றாம் தலைமுறைப் பிசிஐ எக்ஸ்பிரஸ் முழுப் பொருத்துவாயே ஏறத்தாழ 126 கிகாபிட் தரக்கூடியது என்பதோடு ஒப்பிட்டால், விலை உயர்ந்த அட்டையை இதில் போட்டால் அதன் வலு முழுதும் வெளிவராது என்பது புரியும். நடுத்தர அட்டையே இதற்குப் பொருத்தம். அட்டையிலேயே வெளித்திரையை இணைத்தால் வேகம் கூடும். மடிக்கணினியின் சொந்தத் திரையில் பார்த்தால் படம் அதே கம்பியால் திரும்பி வரவேண்டியிருப்பதால் வேகம் இன்னும் குறையும்.

தண்டர்போல்ட் இல்லாதவர்கள், எஸ்எஸ்டி பொருத்தும் எம்.2 துளையிலிருந்து ஓகுலிங்க் என்னும் பிசிஐ எக்ஸ்பிரஸ் கம்பியை வெளியே எடுத்து இணைப்பதுண்டு. நான்காம் தலைமுறை இணைப்பாக இருந்தால் அது ஏறத்தாழ 64 கிகாபிட் வரை தரும், செலவும் குறைவு. ஆனால் அடிமூடியைத் திறந்தே வைக்க வேண்டியிருக்கும், ஓர் எஸ்எஸ்டி துளை பறிபோகும், கணினி ஓடும்போது கம்பியைப் பிடுங்கக் கூடாது. கடற்காற்று அடிக்கும் ஊரில் திறந்த மதர்போர்டை மேசையில் வைத்திருப்பது எனக்கு உவப்பான யோசனையல்ல.

இரண்டாவது, மின்சாரம். மின்தடை வந்தால் மடிக்கணினி பற்றரியில் தொடர்ந்து ஓடும், வெளியட்டை அக்கணமே அணையும். விண்டோஸ் அந்த நிலையில் உறைந்து நின்றுவிடக்கூடும். தொகுத்துக்கொண்டிருந்த வேலை சேமிக்கப்படாமல் போகலாம். 2022இன் நீண்ட மின்வெட்டுகள் இப்போது இல்லை என்றாலும், திடீர்த் தடைகளை முற்றாகத் தவிர்க்க முடியாது. ஆகவே யுபிஎஸ் ஒன்றின் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, மொத்தச் செலவு. பெட்டி, மின்வழங்கி, அட்டை, வெளித்திரை, யுபிஎஸ் ஆகிய எல்லாவற்றையும் கூட்டினால், பலவேளை பாவித்த மேசைக் கணினி ஒன்றை முழுமையாக வாங்கும் தொகையை அது நெருங்கும். மடிக்கணினியைப் படிப்புக்கும் பயணத்துக்கும் வைத்துக்கொண்டு, வீட்டில் மேசைக் கணினி ஒன்றை அமைப்பதே பெரும்பாலானோருக்கு நல்ல முடிவு என்பது என் கருத்து. பாவித்த அட்டை வாங்குபவர்கள் அது எங்கே ஓடியது என்று விசாரிக்கட்டும். 2022 செப்டெம்பரில் எதேரியம் என்னும் மின்னணு நாணயத்தை அட்டைகளால் அகழ்வது முடிவுக்கு வந்த பின் அவ்வேலைக்கு இரவுபகலாக ஓடிய அட்டைகள் உலகெங்கும் விற்பனைக்கு வந்தன.

மக்புக்கில் வெளியட்டை வேலை செய்யுமா?

இன்டெல் செயலியும் தண்டர்போல்ட் 3 இணைப்பும் உள்ள மக்புக்குகளில், 2018இல் வந்த மக்ஓஎஸ் 10.13.4 முதல், குறிப்பிட்ட ஏஎம்டி அட்டைகளோடு வேலை செய்யும். எம்1 முதலான ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ளவற்றில் கிராபிக்ஸுக்காக வெளியட்டை இணைக்கும் வசதியை ஆப்பிள் தரவில்லை.

பயோஸில் கிராபிக்ஸ் நினைவகத்தைக் கூட்டினால் வேகம் வருமா?

வராது. செயலிக்குள் இருக்கும் கிராபிக்ஸ் தனக்குத் தேவையான நினைவகத்தைக் கணினியின் பொது நினைவகமான றாமிலிருந்து தானே எடுத்துக்கொள்கிறது. சில விளையாட்டுகள் குறைந்த ஒதுக்கீட்டைக் கண்டு தொடங்க மறுக்கும். அப்போது மட்டும் கூட்டுவது பயன் தரும்.

என் கணினியை மெதுவாக்குவது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வழக்கமாகச் செய்யும் வேலையை அல்லது விளையாட்டை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரைப் பக்கத்தில் திறந்து வைத்துப் பாருங்கள். கிராபிக்ஸ் தொடக்கத்திலிருந்தே 95 சதவீதத்துக்கு மேல் நின்று, வேகமும் தொடக்கத்திலிருந்தே குறைவாக இருந்தால், சிப் போதவில்லை என்பது சரி. கிராபிக்ஸ் பாதியளவே பயன்பட, செயலி உச்சத்தில் நின்றால், எந்த அட்டையும் உதவாது. றாம் நிரம்பி வழிந்தால் விடை அங்கேயே இருக்கிறது. முதற் பத்து நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு திணறினால் அது வெப்பம். மே முதல் ஆகஸ்ட் வரை கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் திருகோணமலையில் இதுவே மிகப் பொதுவான காரணம். சார்ஜரைக் கழற்றியதும் வேகம் விழுவது பழுதல்ல; பற்றரியால் தனிச் சிப்புக்கு முழு வாட் தர முடியாது.

அட்டையை மாற்றாமலே வேகத்தைக் கூட்ட என்ன செய்யலாம்?

செயலிக்குள் கிராபிக்ஸ் உள்ள கணினிகளில் இரண்டாவது றாம் போடுவதே முதல் வேலை. ஒரே ஒரு றாம் இருந்தால் தரவு ஒற்றை வழியில் செல்கிறது. சம அளவுள்ள இரண்டு இருந்தால் இரட்டை வழி திறக்கிறது. இன்டெல் ஐரிஸ் எக்ஸ்ஈ கொண்ட பல கணினிகளில் ஒற்றை றாம் இருக்கும்வரை அது வெறும் யூஎச்டி கிராபிக்ஸ் என்றே தன்னைக் காட்டிக்கொள்ளும். இரண்டாவது றாம் போட்டதும் பெயரும் மாறும், விளையாட்டின் வேகமும் கண்ணுக்குத் தெரியக் கூடும். றாம் மதர்போர்டில் பற்றாசு வைக்கப்பட்ட மாதிரிகளில் மட்டும் இதற்கு வழியில்லை.

அடுத்தது வெப்பம். உப்புவெளி, நிலாவெளி போன்ற கரையோரங்களில் வைத்துப் பாவிக்கும் கணினிகளில் தூசியோடு உப்பும் ஈரப்பதனும் சேர்ந்து, வெப்பத்தகட்டின் இதழ்களுக்கிடையே ஒட்டிக்கொண்டு இறுகிவிடுகிறது. செம்பு பச்சை பூத்துப்போயிருப்பதையும் காணலாம். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து துப்புரவு செய்து, பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதியதை இடுவது, பல கணினிகளுக்குப் புதிய சிப் கிடைத்ததற்கு ஒப்பான பலனைத் தரும். காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் அது அளவுக்கு மீறிச் சுழன்றால் தாங்கி பழுதாகும்.

சார்ஜரையும் பாருங்கள். 180 வாட் கேட்கும் கணினிக்கு, பழையது பழுதானபோது 90 வாட் சார்ஜர் வாங்கிப் போட்டிருந்தால், கணினி ஓடும், ஆனால் கிராபிக்ஸை அடக்கியே ஓட்டும்.

இரண்டு சிப்களும் உள்ள கணினிகளில் விண்டோஸ் சில மென்பொருள்களைச் செயலியின் கிராபிக்ஸிலேயே ஓட்டிவிடும். செட்டிங்ஸில் டிஸ்பிளே, அதற்குள் கிராபிக்ஸ் என்ற இடத்தில் அந்த மென்பொருளைத் தெரிவுசெய்து ஹை பெர்ஃபோமன்ஸ் என்று வைத்தால் தனிச் சிப் வேலைக்கு வரும். ஒரு சதமும் செலவில்லாத இந்த மாற்றத்தைச் செய்து பார்க்காமல் கணினியை விற்றவர்களும் இருக்கிறார்கள்.

வீடியோ தொகுப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல்: 4கே கோப்புகளை நேரடியாக வெட்டாமல், அவற்றின் சிறிய பிரதிகளை உருவாக்கித் தொகுத்து, இறுதியில் மட்டும் மூலக் கோப்புகளுக்கு மாற்றும் பிரொக்சி முறையைப் பிரிமியர், டாவின்சி ரிசால்வ் இரண்டும் தருகின்றன. பழைய கணினியில் பூப்புனித நீராட்டு விழாவின் முழு வீடியோவையும் தடங்கலின்றி வெட்டுவதற்கு அது போதும்.

செயற்கை நுண்ணறிவுப் பாடத்துக்கு என்விடியா சிப் வேண்டும் என்கிறார்கள். இல்லாத மாணவர் என்ன செய்வது?

பயிற்சிகளுக்குக் கூகுள் கொலாப் போதுமானது. இலவசக் கணக்கிலேயே பெரும்பாலும் 16 கிகாபைட் நினைவகம் கொண்ட டி4 சிப் கிடைக்கிறது. கிடைக்கும் நேரத்துக்கு வரம்பு உண்டு என்பதால் வேலையை இடையிடையே சேமித்துவர வேண்டும். இணைய இணைப்பும் உலாவியும் இருந்தால் எந்தக் கணினியிலும் செய்யலாம்.

தனிச் சிப் பழுதாகிவிட்டால் கணினி முழுதும் வீணா?

செயலியிலும் கிராபிக்ஸ் இருந்தால் பெரும்பாலும் வீணல்ல. டிவைஸ் மேனேஜரில் தனிச் சிப்பை முடக்கிவிட்டால், அலுவலக வேலைக்கும் படிப்புக்கும் அது தொடர்ந்து உழைக்கக்கூடும். சிப் குறுக்குச்சுற்றாகிக் கணினியே இயங்காத நிலையில் மட்டும் திருத்துநரின் கை தேவைப்படும்.

அடுத்த கணினியை வாங்கும்போது கிராபிக்ஸ் பற்றி எவற்றைப் பார்க்க வேண்டும்?

பிறகு மாற்ற முடியாதது என்பதால் வாங்கும் நாளிலேயே பார்க்க வேண்டியது, பெயரைவிட வாட் அளவு. ஆர்டிஎக்ஸ் 4060 மடிக்கணினிச் சிப்பை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் பொருத்தலாம். ஒரே பெயர்கொண்ட இரண்டு கணினிகளின் வேகம் அதனால் வெகுவாக வேறுபடும். மேசைக் கணினிச் சிப்பின் பெயரோடு ஒப்பிட்டும் ஏமாறக் கூடாது: மேசைக் கணினியின் ஆர்டிஎக்ஸ் 4090இல் கியூடா கருக்கள் எனப்படும் கணக்கிடும் அலகுகள் 16,384உம் 24 கிகாபைட் நினைவகமும் இருக்க, மடிக்கணினியின் ஆர்டிஎக்ஸ் 4090இல் இருப்பவை 9,728 கருக்களும் 16 கிகாபைட்டும்.

கிராபிக்ஸ் நினைவகம் 8 கிகாபைட்டாவது இருப்பது நல்லது. 6 கிகாபைட் இப்போதே சில விளையாட்டுகளுக்கு நெருக்கடியாகிவிட்டது. றாம் துளை ஒன்றாவது காலியாக இருக்கிறதா, தண்டர்போல்ட் அல்லது யூஎஸ்பி4 இருக்கிறதா, தனிச் சிப்பை நேரடியாகத் திரையோடு இணைக்கும் மக்ஸ் சுவிட்ச் உண்டா என்பவற்றையும் கேளுங்கள். கடையில் கணினியை இயக்கிக் காட்டச் சொல்லி, என்விடியா கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபொர்மேஷனைத் திறந்தால், மக்ஸிமம் கிராபிக்ஸ் பவர் என்ற வரியில் வாட் அளவு எழுதப்பட்டிருக்கும்; பெட்டியில் அச்சிட்டிருப்பதைவிட அது நம்பகமானது. பம்பலப்பிட்டியில் வாங்கினாலும் இங்கே பிரதான வீதியில் வாங்கினாலும், தொடரிலக்கம் எழுதப்பட்ட பற்றுச்சீட்டைப் பெறுங்கள். உத்தரவாதக் காலத்தில் பழுதானால் திருகோணமலையிலேயே பொறுப்பேற்பார்களா, கொழும்புக்கு அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் அந்தச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.